சித்திரக்காரர்க்குச் சேர வேண்டியது

சுதந்திரத்தைப் பற்றி மேடைகளில் முழங்குவோர் பலர். அச்சுதந்திரத்தை எழுத்தில் நாட்டிய மூல நூலைக் கண்ணால் கண்டோர் மிகச் சிலரே. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினர்கள் கையொப்பமிட்ட சாசனப் பிரதிகளுள் கையால் எழுதப்பட்ட பிரதிகளும் உண்டு. ஆங்கிலப் பிரதியை எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா என்னும் எழுத்தோவியர். ஹிந்திப் பிரதியை எழுதியவர் வசந்த கிருஷ்ண வைத்யா. ஏடுகளைச் சித்திரங்களால் அலங்கரிக்கும் பொறுப்பை ஏற்றவர் சாந்திநிகேதனத்து ஆசிரியர் நந்தலால் போஸ்; அவருக்குத் துணை நின்றவர்கள் அவருடைய மாணவர்கள். வக்கீல்களும் ராஜதந்திரிகளும் வாதித்துச் செய்த சட்டத்தை, காண்போர் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் உரிய பொருளாக ஆக்கியவர்கள் இக்கலைஞர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

அந்நூலைப் புரட்டுவோர், மொஹஞ்சதாரோ முத்திரை தொடங்கித் தேசத்தின் நெடிய சரித்திரம் பாகத்திற்குப் பாகம் விரிவதைக் காண்பர். தமிழ்நாட்டின் பங்கும் அதில் குறைவன்று. நடராஜ மூர்த்தம் அங்கே ஆடுகிறது. மாமல்லபுரத்துப் பாறையில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய கங்கை இறங்கும் காட்சியும் அங்கே இடம் பெற்றிருக்கிறது. மகாத்மாவின் தண்டி யாத்திரையும் உண்டு. டேராடூனிலுள்ள சர்வே இலாகாவின் அச்சகத்தில் இந்நூல் போட்டோ லித்தோ முறையில் பிரதியெடுக்கப்பட்டது. சட்டமும் சித்திரமும் எழுத்தும் அச்சும் ஒன்று கூடிய இத்தகைய நூலைத் தேசிய சாசனமாகக் கொண்டிருக்கும் பாக்கியம் எல்லா நாடுகளுக்கும் வாய்த்ததன்று.

ராய்ஜாதாவைப் பற்றி ஒரு வரலாறு வழங்கி வருகிறது. என்ன ஊதியம் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, காசு ஒன்றும் வேண்டாம், ஒவ்வோர் ஏட்டிலும் தம் பெயரையும், கடைசி ஏட்டில் தமக்கு எழுத்துக் கலை கற்பித்த பாட்டனார் பெயரையும் எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்தால் போதும் என்று அவர் சொன்னாராம். முகவுரை ஏட்டின் ஓரச் சித்திரத்தைத் தீட்டிய பியோஹார் ராம்மனோஹர் சின்ஹாவும் அதில் தம் பெயரைச் சிறிதாகப் பொறித்து வைத்தார். கோடிக்கணக்கான ஜனங்களுக்கு உரிமை வழங்கிய நூலிலே, அதை எழுதினவனும் தீட்டினவனும் தமக்கென்று கேட்ட உரிமை பெயர் ஒன்றே. அதுவும் மறுக்கப்படவில்லை. நாட்டின் முதல் நூல் காட்டிய இந்த மரியாதையை, அதன் பின்னர் வந்த நூல்களும் பத்திரிகைகளும் போட்டிகளும் கண்காட்சிகளும் காத்து வருகின்றனவா? இதுவே இன்று நாம் வாசகர் முன் வைக்கும் கேள்வி.

ஹரிபுராவின் பாடம்

கேள்விக்கு விடை காணுமுன், கலைஞனுக்கு வாய்ப்பளித்தல் என்பது யாது என்பதைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கும் நமது தேசிய இயக்கத்தின் சரித்திரத்திலேயே உதாரணம் உண்டு.

1936-ஆம் ஆண்டில் லட்சுமணபுரியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அங்கே கலைக் கண்காட்சியை அமைக்க நந்தலாலை அழைத்தவர் மகாத்மா காந்தி. அவ்வாண்டின் இறுதியில் பைஸ்பூர் கிராமத்தில் கூடிய மகாசபைக்கும் அவரே அழைக்கப்பட்டார். மூங்கிலும் கீற்றும் கிராமத்தில் கிடைத்த பிற பொருள்களும் அவர் கையில் அலங்காரமாயின. 1938 பிப்ரவரியில், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் குஜராத்தைச் சேர்ந்த ஹரிபுராவில் மகாசபை கூடிற்று. அதற்காக நந்தலாலும் அவருடைய குழுவினரும் நூற்றுக்கணக்கான வர்ணச் சித்திரங்களைத் தீட்டினர். கைத்தாளிலே மண் வர்ணம் கொண்டு, உழவனும் தச்சனும் கொல்லனும் மத்தளம் கொட்டுவோனும் நூல் நூற்கும் மாதும் காளையை அடக்குவோனும் உயிர் பெற்று எழுந்தனர். செல்வர் மாளிகையின் உள்சுவர்களுக்காக அச்சித்திரங்கள் எழுதப்படவில்லை. மகாசபைக்கு வந்த குடியானவர்கள் நடந்து போகும் வழியிலும் வாயில்களிலும் கூடாரங்களிலும் அவை வைக்கப்பட்டன. அவற்றுள் பல இன்று புதுடில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பொக்கிஷங்கள்.

அதற்கு முன்பே, 1930-இல், ரவீந்திரநாத் தாகூர் வங்காளக் குழந்தைகளுக்காக எழுதிய ‘ஸஹஜ் பாட்’ என்னும் பால பாடத்திற்கு நந்தலால் லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட சித்திரங்களை அளித்திருந்தார். தலைமுறை தலைமுறையாக வங்கத்துக் குழந்தை அகரம் கற்கும்போதே நந்தலாலின் கோடுகளையும் கற்று வருகிறது. உலகம் போற்றும் கவிஞரின் நூலாயினும் சித்திரக்காரரின் பெயர் அங்கே மறையவில்லை.

இவ்வுதாரணங்களிலிருந்து நாம் அறிவது யாது? கலைஞனுக்குத் தகுதியான வேலை கொடுத்தல் ஒன்று. அவ்வேலையை ஜனங்கள் காணும் இடத்தில் வைத்தல் இரண்டு. செய்தவன் இன்னான் என்று அறிவித்தல் மூன்று. இம்மூன்றோடு ஜீவனத்திற்கு வேண்டிய ஊதியமும் சேர்ந்தால்தான் அது வாய்ப்பு. நந்தலால் சாந்திநிகேதனத்தில் ஆசிரியராக இருந்தவர். கலாபவனம் அவருக்குச் சோறிட்டது. எல்லாக் கலைஞருக்கும் ஒரு கலாபவனம் இல்லை. ஆதலின் நான்காவது அம்சத்தை விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் பேசுவோர், சுவரை இடித்துவிட்டுச் சித்திரம் எழுதச் சொல்வோரை ஒப்பர்.

வாய்ப்புகள் பெருகின

தமிழ்நாட்டில் சித்திரத்திற்கும் நூற்கலைக்கும் இன்று களங்கள் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளி, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக நடைபெறுகிறது. கும்பகோணத்திலும் அத்தகைய கல்லூரி உண்டு. சென்னைப் பள்ளியின் தலைவராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த இளைஞரும் 1966-இல் கடற்கரையோரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். பத்திக் துணி முதலிய கைத்தொழில்களால் பொருள் ஈட்டி, பிறர் கையை எதிர்பாராமல் நிலம் வாங்கிக் குடியேறிய அவர்களுடைய முயற்சி, சுயராஜ்யம் என்னும் சொல்லுக்குக் கலையுலகம் தந்த பொருள் என்றே நாம் கருதுகிறோம்.

நூலுலகைப் பார்ப்போமாயின், 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சி தை மாதத்தையொட்டி லட்சோபலட்சம் வாசகரை ஈர்க்கும் திருவிழாவாகிவிட்டது. ஈரோட்டில் 2005 முதல் புத்தகத் திருவிழா நடந்து வருகிறது. வேறு பல மாவட்டங்களும் அவ்வழியே சென்றுள்ளன. 2023-இல் ராஜ்ய சர்க்கார் சென்னையில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கிற்று. அங்கே நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமைகள் நாட்டுக்கு நாடு கைமாறுகின்றன. அண்டையிலுள்ள கொச்சியில் 2012 முதல் ஈராண்டுக் கலைவிழாவும், சென்னையில் 2016 முதல் புகைப்படத்திற்கென ஈராண்டு விழாவும் தோன்றியுள்ளன. இவையன்றி, மேலட்டைப் போட்டி, சின்னப் போட்டி, சுவரோவியப் போட்டி, குழந்தை நூல்களுக்குச் சித்திரம் வேண்டும் என்னும் அழைப்பு ஆகியவை நாள்தோறும் வருகின்றன.

இவ்வளர்ச்சியைக் கண்டு நாம் மனமார மகிழ்கிறோம். ஆயினும், கலியாண வீட்டில் பந்தல் பெரிதாக இருப்பதைக் கொண்டு பந்தல் போட்டவனுக்குக் கூலி கிடைத்ததென்று முடிவு கட்டிவிடலாகாது.

அழைப்பின் அடியிலுள்ள சிறிய எழுத்து

இத்தகைய அழைப்புகள் பலவற்றை நிதானமாக வாசிப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். மேலே பெரிய எழுத்தில் ‘இளங்கலைஞர்களே வருக’ என்றிருக்கும். கீழே சிறிய எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். போட்டிக்கு வரும் சித்திரங்கள் யாவும், பரிசு பெற்றவை பெறாதவை என்ற பேதமின்றி, நடத்துவோர்க்கே சொந்தமாம். அவற்றை அவர்கள் எக்காலத்தும் எவ்விதத்தும் எவ்விடத்தும் பயன்படுத்துவார்களாம். மூலச் சித்திரம் திருப்பி அனுப்பப்பட மாட்டாதாம். சில இடங்களில் கலந்துகொள்ளக் கட்டணமும் உண்டு. பரிசு ஒருவனுக்கு, சித்திரம் நூறு பேருடையது. ஒரு பரிசின் விலைக்கு நூறு பேருடைய உழைப்பையும் உரிமையையும் வாரிக்கொள்ளும் இவ்வியாபாரத்தை எந்தச் சந்தையிலும் நேர்மையான வியாபாரமென்று சொல்லார்.

ஊதியத்தைக் கேட்டாலோ, ‘உமக்கு விளம்பரம் கிடைக்குமே’ என்ற விடை வருகிறது. அச்சுக்கோப்போனுக்கும் தாள் வியாபாரிக்கும் பைண்டருக்கும் மின்சார இலாகாவுக்கும் விளம்பரத்தைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க முடியுமா? முடியாது. தாளுக்கு விலை உண்டு. மைக்கு விலை உண்டு. தாளின்மேல் மையால் எழுதப்பட்ட சித்திரத்திற்கு மட்டும் விலை இல்லை! இதைவிட விந்தையான பொருளாதாரம் வேறு உளதோ? மேலும், விளம்பரம் கொடுப்பதாகச் சொல்பவர்களே பெயரை அச்சிட மறந்துவிடுகிறார்கள். மேலட்டையைத் தீட்டியவர் பெயர் நூலில் எங்குமில்லாத பல புத்தகங்களை எந்தக் கடையிலும் காணலாம். பெயரில்லாத விளம்பரம் எத்தகைய விளம்பரம் என்பதை அவர்களே விளக்க வேண்டும்.

எல்லாப் போட்டிகளும் இத்தன்மையன என்று நாம் கூறவில்லை. ரூபாயின் சின்னத்தைத் தேர்ந்தெடுக்க இந்திய சர்க்கார் பகிரங்கப் போட்டி வைத்து, 2010 ஜூலை 15-இல் முடிவை அறிவித்தது. சின்னத்தை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் என்பதைத் தேசம் முழுவதும் அறிந்தது; பரிசுத் தொகை 2.5 லட்சம் ரூபாய் என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. பெயரும் தொகையும் முன்கூட்டியே தெளிவாயிருக்கும் போட்டியில் இளைஞர் விருப்பத்தோடு இறங்கலாம். நாம் கண்டிப்பது ஒளிவுமறைவை, போட்டியையன்று.

சட்டம் சொல்வது

கலைஞர்கள் தம் உரிமையைக் கேட்பதற்கு அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்குக் காரணம், சட்டம் தங்கள் பக்கம் எவ்வளவு நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்பதை அவர்கள் அறியாதிருத்தலே. ஆதலின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் முக்கிய விதிகளை இங்கே சுருங்கச் சொல்கிறோம்.

சித்திரத்தை எழுதியவரே பொது விதிப்படி அதன் பதிப்புரிமைக்கு முதல் உடையவர். அவ்வுரிமை அவர் ஆயுட்காலத்தோடு, மறைந்த பின் 60 ஆண்டுகளும் நிலைக்கும். சித்திரத்தை விலை கொடுத்து வாங்கியவர் வாங்கியது சித்திரத்தையே. அதை அச்சிட்டுப் பெருக்கும் உரிமையையன்று. உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமாயின், 19-ஆம் பிரிவின்படி, எழுத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எந்தச் சித்திரம், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பிரதேசம், ராயல்டி எவ்வளவு என்பன அதில் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் அது 5 ஆண்டுகளே செல்லும். பிரதேசம் குறிக்கப்படாவிடின் அது இந்தியாவுக்குள்ளே மட்டுமே செல்லும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமற் போட்டு வைத்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவ்வுரிமை அற்றுப் போகும். வாய்ச்சொல்லால் உரிமை கைமாறுவதில்லை என்பதைக் கலைஞர்களும் பதிப்பாளர்களும் மனத்தில் பதித்துக்கொள்ளல் நன்று.

இனி, சட்டத்தில் ஒரு பள்ளமும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு, ஒரு வர்ணச் சித்திரமோ உருவப்படமோ தீட்டினால், அல்லது புகைப்படம் எடுத்தால், மாறாக ஒப்பந்தம் இல்லாதவரையில், கேட்டுக்கொண்டவரே முதல் உடையவர் என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. மாதச் சம்பளத்திற்கு அமர்ந்து செய்யும் வேலைக்கும் வேறு விதிகள் உள்ளன. ஆகவே, ‘நமக்குள் எழுத்து எதற்கு, நம்பிக்கை போதாதா?’ என்று சொல்லி ஒப்பந்தத்தைத் தட்டிக் கழித்தால் நஷ்டப்படுபவர் பெரும்பாலும் சித்திரக்காரரே. நம்பிக்கை உள்ள இடத்தில் எழுதிக்கொள்வதற்கு என்ன தடை? எழுத மறுக்கும் இடத்தில் நம்புவதற்கு என்ன முகாந்தரம்?

எனினும் எவ்வொப்பந்தத்தாலும் பறிக்க முடியாத உரிமை ஒன்றைச் சட்டம் கலைஞனுக்கு வழங்கியுள்ளது. 57-ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும், ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. தன் கௌரவத்திற்குக் குறைவு வரும்படி அதைச் சிதைத்தாலும் திரித்தாலும் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் அவனால் முடியும். ராய்ஜாதா கேட்டுப் பெற்றார் என்று சொல்லப்படுவதைப் பின்னர் சட்டமே எல்லாக் கலைஞருக்கும் சொந்தமாக்கிவிட்டது.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று என்பதற்குச் சான்று அமர்நாத் சேகல் வழக்கு. புதுடில்லி விஞ்ஞான பவனத்திற்காக இந்திய சர்க்காரின் வேண்டுகோளின்படி அவர் செய்த மாபெரும் வெண்கலச் சிற்பத் தொகுதி 1962-இல் அங்கே சுவரில் நிறுவப்பட்டது. 1979-இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோமென்று அதை அவருக்குச் சொல்லாமலே பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டனர், பகுதிகள் சிதைந்தன. சிற்பி வழக்காடினார். 2005-இல் டில்லி ஹைகோர்ட்டு, சிற்பம் சர்க்காரின் உடைமையாயினும் அதைச் சிதைக்கும் அதிகாரம் சர்க்காருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவும் உத்தரவிட்டது. ஒரு தனிக் கலைஞன் தேசத்தின் சர்க்காரையே எதிர்த்து நின்று வென்றான். ஆனால் பெயர்த்தெடுத்த நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை 26 ஆண்டுகள் கழிந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். வழக்காடித்தான் உரிமை பெற வேண்டும் என்னும் நிலை எந்தக் கலைஞருக்கும் வரலாகாது. நல்வழக்கமே நல்ல சட்டத்திற்கு முந்தியதாக வேண்டும்.

பதிப்பாளர் கட்சியும் அதற்கு விடையும்

பதிப்பாளர்கள் தம் கட்சியை எடுத்துரைப்பார்கள். தமிழ் நூல்கள் விற்பது சில நூறு பிரதிகளே. தாள் விலை ஏறிவிட்டது. கடைக்காரர் கழிவு கேட்கிறார். நூலாசிரியருக்கே கொடுக்க வழியில்லாதபோது சித்திரக்காரருக்கு எங்கிருந்து கொடுப்பது என்பார்கள். நாமும் அச்சு யந்திரத்தோடு வாழ்கிறவர்களே. தாள் ரீமின் விலையும் கடன்காரரின் முகமும் நமக்கும் பரிச்சயமானவையே. அவர்கள் சொல்லும் கஷ்டம் பொய்யன்று.

ஆனால் பெயரை அச்சிட எத்தனை ரூபாய் செலவு? ஒரு வரி மை. மூலச் சித்திரத்தைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு செலவு? ஒரு தபால். முதற் பதிப்புக்கு மட்டும் உரிமை பெற்று, மறுபதிப்பின்போது மறுபடியும் கேட்பதற்கு எவ்வளவு செலவு? ஒரு கடிதம். கையில் பணமில்லாத பதிப்பாளரும் இம்மூன்றையும் இன்றே செய்யலாம். ஊதியமும் சிறு தொகையாயின் சிறு தொகையாகவே இருக்கட்டும். ஆனால் அது முன்னதாகப் பேசப்பட்டு, எழுதப்பட்டு, சொன்ன நாளில் கொடுக்கப்பட்டதாக இருக்கட்டும். ஏழ்மை குற்றமன்று. ஏழ்மையைக் காரணங்காட்டி மற்றோர் ஏழையின் பெயரை அழிப்பதே குற்றம்.

நேர்மையாக நடந்தால் தொழில் கெட்டுவிடும் என்ற அச்சத்திற்கும் இடமில்லை. சென்னையில் 1994-இல் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகம், கைத்தாளில் பட்டுத்திரை முறையில் வர்ணம் அச்சிட்டு, கையாலேயே தைத்துக் கட்டும் நூல்களை உலகெங்கும் அனுப்பி வருகிறது. மத்திய இந்தியாவின் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவரின் மரங்களைக் கொண்டு 2006-இல் அது வெளியிட்ட நூல், 2008-இல் இத்தாலியின் போலோஞா குழந்தை நூல் கண்காட்சியில் பரிசு பெற்றது. அந்நூலில் அம்மூவரும் வெறும் ‘கைவினைஞர்’ என்று கூட்டத்தோடு கூட்டமாக வைக்கப்படவில்லை. நூலாசிரியர்களாகவே பெயர் பெற்றார்கள். பழங்குடி ஓவியர்களின் பெயரை முன்னே வைத்ததால் நூலின் மதிப்பு உயர்ந்ததேயன்றித் தாழவில்லை.

தமிழ் நூலுலகிலும் நல்ல முன்மாதிரி உண்டு. 1974-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா பதிப்பகம், நூலின் உள்ளடக்கத்திற்கு எவ்வளவு கவனம் செலுத்திற்றோ அவ்வளவு கவனத்தை அதன் அமைப்புக்கும் அட்டைக்கும் செலுத்திற்று. காந்தியடிகளைக் கோட்டோவியங்களாக வரைந்து புகழ் பெற்ற கே. எம். ஆதிமூலம், சிற்றேடுகளுக்கும் நூல்களுக்கும் எழுத்துருவும் சித்திரமும் அளித்தார். கி. ராஜநாராயணனின் கரிசற்காட்டு எழுத்தை நினைக்கும் வாசகருக்கு ஆதிமூலத்தின் கோடுகளும் உடன் நினைவுக்கு வருகின்றன. எழுத்தாளரும் ஓவியரும் சமமாக நின்றால் இலக்கியம் பெறும் லாபம் அது. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களும் சித்திரக்காரர், பக்க வடிவமைப்பாளர் ஆகியோரின் பெயர்களை நூலின் முடிவில் அச்சிட்டிருக்கின்றன. சர்க்கார் பாடநூலால் ஆகுமாயின் தனியார் பதிப்பகத்தால் ஆகாதா?

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை

இப்பத்திரிகையை வாசிப்போரில் பலர் அரசியல் தொண்டர்கள். ஓவியருக்கும் பதிப்பாளருக்கும் உள்ள தகராறு நமக்கெதற்கு என்று அவர்கள் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறு. தமிழ்நாட்டில் சித்திரக்காரருக்கு அதிக வேலை வைத்தவை அரசியல் கட்சிகளே. சுவரெழுத்து யாருடையது? மாநாட்டுத் தட்டியும் தலைவரின் நெடும் உருவமும் யார் கையால் ஆயின? கட்சிப் பத்திரிகையின் கேலிச்சித்திரத்தை யார் போட்டார்? 1906-இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ பத்திரிகையில், பாரதியார் தலையங்கத்தோடு கேலிச்சித்திரத்தையும் ஆயுதமாகக் கொண்டு அந்நிய ஆட்சியைத் தாக்கினார். எழுத்தறியாதவனுக்கும் அரசியலைச் சொல்லிக் கொடுத்தது சித்திரமே.

அப்படியிருக்க, தேர்தல் முடிந்ததும் மேடைக்காரனுக்கும் ஒலிபெருக்கிக்காரனுக்கும் கணக்குத் தீர்ப்போர், சுவரெழுதியவனை ‘நம் கட்சிப் பையன்தானே’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவது நியாயமா? பிளெக்ஸ் தட்டி வந்த பின்னர் தூரிகையை நம்பி வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் தொழிலிழந்தன. எஞ்சிய சிலரையாவது கூலியும் பெயரும் கொடுத்துக் காப்பது, தொழிலாளர் நலனைப் பேசும் எல்லாக் கட்சிகளின் கடமையல்லவா? ஊருக்கு உபதேசம் செய்யுமுன், தொண்டர்கள் தங்கள் மாநாட்டுச் செலவுக் கணக்கில் சித்திரக்காரருக்கென ஓர் இனத்தைத் திறந்து வைக்கட்டும். உரிமையைப் பற்றிய பேச்சு அன்றுதான் மெய்யாகும்.

நாம் வேண்டுவன

நமது வேண்டுகோள்கள் பெரியவையல்ல. முதலாவது, மேலட்டைச் சித்திரம், உட்சித்திரம், எழுத்தமைப்பு ஆகியவற்றைச் செய்தோரின் பெயரின்றி எந்தத் தமிழ் நூலும் வெளிவரலாகாது. இவ்வழக்கத்தைப் பதிப்பாளர் சங்கத்தாரே முன்னின்று நிலைநாட்ட வேண்டும். இரண்டாவது, சர்க்காரும் ஸ்தாபனங்களும் நடத்தும் போட்டிகளில், பரிசு பெறாத சித்திரங்களின் உரிமை எழுதியவர்க்கே உரியது என்று நிபந்தனையில் தெளிவாக அச்சிட வேண்டும். மூன்றாவது, பொதுநூலகங்களுக்கு நூல் வாங்கும்போது, சித்திரக்காரரின் பெயர் அச்சிட்ட நூல்களையே ஏற்பது என்று சர்க்கார் விதி செய்யலாம். காசு செலவில்லாத இவ்விதி ஒன்றே பல ஆண்டு உபதேசத்தின் வேலையைச் செய்யும். நான்காவது, சென்னைப் புத்தகக் கண்காட்சியில் சித்திரக்காரருக்கென்று ஒரு சுவரை ஒதுக்க வேண்டும். போலோஞாவில் அத்தகைய சுவரொன்று உண்டு. எவ்விளைஞரும் தம் சித்திரத்தையும் முகவரியையும் அங்கே ஒட்டி வைக்கிறார், பதிப்பாளர்கள் வந்து பார்த்து அழைக்கிறார்கள். நந்தனத்தில் ஒரு சுவரை எழுப்ப எத்தனை ரூபாய் பிடிக்கும்? ஐந்தாவது, கவின் கலைக் கல்லூரிகளில் தூரிகை பிடிக்கக் கற்பிப்பதோடு, ஒப்பந்தத்தை வாசிக்கவும் கற்பிக்க வேண்டும். சட்டம் பயின்றோரில் சிலர் ஆண்டுக்குச் சில மணி நேரத்தை இதற்கு இலவசமாக அளித்தால் அதுவும் ஒரு தேச சேவையே.

இளங்கலைஞர்க்குச் சொல்வது இது: அழைப்பு வந்த மகிழ்ச்சியில் கையொப்பமிட்டுவிடாதீர்கள். என் பெயர் எங்கே வரும், எவ்வளவு தருவீர்கள், எப்போது தருவீர்கள், எத்தனை பதிப்புக்கு, எவ்வளவு காலத்திற்கு, மூலச் சித்திரம் யாரிடம் இருக்கும் என்னும் ஆறு கேள்விகளைக் கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்பவரிடம் வேலை செய்யாமலிருப்பதே மேல். ஒருவன் தனித்துக் கேட்டால் திமிர் என்பர். நூறு பேர் சேர்ந்து கேட்டால் அதுவே வழக்கமாகிவிடும். அதனால் சங்கமாகச் சேருங்கள்.

தன் சாசனத்தை எழுதியவனுக்கும் தீட்டியவனுக்கும் அதே ஏட்டில் பெயரிட இடங்கொடுத்த தேசம் நம்முடையது. நாம் கேட்பது புதிய சலுகையன்று. நாட்டின் முதல் நூல் ஏற்படுத்திய மரபைப் பிற நூல்களும் பின்பற்ற வேண்டுமென்பதே. வருகிற தை மாதத்தில் கண்காட்சிக்குச் செல்லும் வாசகர்கள், நூலை வாங்குமுன் ஏட்டைப் புரட்டிச் சித்திரக்காரர் பெயரைத் தேடிப் பார்க்கட்டும். பெயர் இல்லையேல், ‘இதைத் தீட்டியவர் யார்?’ என்று கடையிலிருப்போரைக் கேட்கட்டும். ஆயிரம் வாசகர் இக்கேள்வியைக் கேட்டால் அடுத்த பதிப்பில் பெயர் வந்தே தீரும். பெயர் வந்தால் ஊதியமும் பின்னே வரும்.